பழைய அமெரிக்கச் சவரக்கத்தி: தீட்டித் தந்ததா, பெட்டியோடு இருப்பதா, துருவேறிய கட்டா?

பழைய சவரக்கத்தி வாங்க இறங்குகிறவர்கள் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் முட்டிக்கொண்டு நிற்கிறார்கள். திரையில் மூன்று விற்பனைகள். மூன்றிலும் மசாசூசெட்ஸ் மாநிலத்து வூஸ்டர் நகரின் டோரி கம்பெனி முத்திரை. முதலாவது சுத்தம் செய்து, தீட்டி, ‘நாளைக் காலையே சவரம் செய்யலாம்’ என்று விற்பது. இரண்டாவது பழைய அட்டைப்பெட்டியோடு வருவது. பொன்னெழுத்துகூட அழியவில்லை, யாருமே பயன்படுத்தியதில்லை என்கிறார் விற்பவர். மூன்றாவது ஆறு கத்திகள் கொண்ட கட்டு. ஐந்தில் துரு, ஒன்றுக்குப் பிடியே இல்லை. ஆனால் ஆறும் சேர்ந்தே முதல் கத்தியின் விலையில் பாதிதான்.

எதை எடுப்பது என்பதற்கு விலைச்சீட்டில் பதில் இல்லை. கத்தியில் எஃகு எவ்வளவு மிச்சமிருக்கிறது, பிடி எந்தப் பொருள், நீங்கள் சவரம் செய்யப் போகிறீர்களா, அலமாரியில் வைக்கப் போகிறீர்களா என்பதில்தான் இருக்கிறது. ஆகவே அளவுகோல்களை முதலில் பார்த்துவிடுவோம்.

## எதை வைத்து எடை போடுவது

எஃகின் மிச்சம். சவரக்கத்தியைக் கல்லில் தீட்டும்போது கோணத்தைக் கையால் பிடிப்பதில்லை. முதுகும், வெட்டும் ஓரமான வாயும் ஒருசேரக் கல்லைத் தொடும்படி படுக்கவைத்துத் தேய்க்கிறோம். முதுகின் கனமும் (தடிமன்), முதுகிலிருந்து வாய்வரை உள்ள கத்தியின் அகலமும் சேர்ந்து கோணத்தைத் தீர்மானித்துவிடுகின்றன. அதனால் விற்பவரிடம் முதலில் கேட்க வேண்டியது கத்தியின் வயதை அல்ல, காலிப்பரால் எடுத்த இந்த இரண்டு அளவுகளை.

நல்ல சவரத்துக்கு வாய்க்கோணம் ஏறக்குறைய 16 முதல் 18 பாகை இருக்க வேண்டும். குறுக்குவழி ஒன்று உண்டு: அகலத்தை 0.28ஆலும் 0.31ஆலும் பெருக்குங்கள். முதுகின் கனம் அந்த இரண்டு விடைகளுக்கும் நடுவில் இருந்தால் சரி. 17 மி.மீ. அகலமுள்ள கத்திக்கு முதுகு 4.8 முதல் 5.3 மி.மீ. வரை. முதுகு தேய்ந்து 4 மி.மீ. ஆகியிருந்தால் கோணம் பதின்மூன்றரைப் பாகைக்கு இறங்கிவிடும். முதல் இழுப்பில் வெண்ணெய்போல் போகும், முரட்டுத் தாடியில் நாலாம் நாளே வாய் பொடிப்பொடியாக உதிரும். முதுகில் இன்சுலேஷன் டேப்பை ஒரு அடுக்கு ஒட்டித் தீட்டினால் கிட்டத்தட்ட ஒரு பாகை கூட்டலாம். அதற்குமேல் டேப்பை நம்பி வாங்காதீர்கள். மாறாக, முதுகு 5 மி.மீ.யிலேயே நிற்க அகலம் மட்டும் 14 மி.மீ.க்கு வந்திருந்தால் கோணம் 20 பாகையைத் தாண்டும். உடைந்த வாயை யாரோ சாணைச் சக்கரத்தில் அரைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். அப்படிப்பட்ட கத்தி ரோமத்தை வெட்டாமல் இழுக்கும்.

அகலத்தை அங்குலத்தின் எட்டில் பங்குகளாகச் சொல்வது மரபு. 5/8 என்றால் சுமார் 16 மி.மீ., 6/8 என்றால் 19. பழைய அமெரிக்கக் கத்திகளில் 5/8தான் அதிகம் கண்ணில் படும். அந்த அளவில் பிறந்த கத்தி 13 மி.மீ.யில் நின்றால், மிச்சம் 3 மி.மீ. எஃகும் கல்லோடு போய்விட்டது. வாயின் கோடு நேராக இருக்கலாம், லேசாக வெளியே வளைந்தும் இருக்கலாம். நடுவில் உள்வாங்கியிருந்தால் விட்டுவிடுங்கள். அதை நேராக்க இரண்டு முனைகளையும் கரைக்க வேண்டும்.

துரு எங்கே இருக்கிறது. முதுகிலும், கத்தி பிடியோடு சேரும் கழுத்திலும் கறுத்துக் கிடப்பதால் சவரத்துக்கு ஒரு குறையும் இல்லை. வாயிலிருந்து 2 மி.மீ.க்குள் மிளகுத்தூள் தூவியதுபோல் கரும்புள்ளிகள் இருந்தால்தான் வினை. புள்ளி ஒவ்வொன்றும் ஒரு குழி. தீட்டத் தீட்ட வாய் அந்தக் குழியைத் தொடும். தொட்ட இடத்தில் வாய் சிறு பல்லாக உடையும்.

விரிசல். குழிவாக அரைத்த மெல்லிய பகுதியில், வாயிலிருந்து மேல்நோக்கி மயிரிழையாக ஓடும். பத்து மடங்கு லென்ஸில் பாருங்கள். நகத்தால் சுண்டியும் கேளுங்கள். இரண்டு பக்கமும் ஆழமாகக் குழித்து அரைத்த முழுக்குழிவுக் கத்தி ‘ணிங்’ என்று நீட்டி ஒலிக்கும், விரிசல் விட்டது ‘டக்’ என்று அடங்கிவிடும். விரிசலுக்கு வைத்தியம் கிடையாது.

பிடி. கொம்பு, கடின ரப்பர், எலும்பு, மரம், செல்லுலாய்டு என்று பல உண்டு. கட்டைவிரலால் பிடியைப் பத்து நொடி அழுத்தித் தேய்த்து முகர்ந்தால் பல நேரங்களில் விடை தெரிந்துவிடும்: கந்தக நெடி என்றால் ரப்பர், லேசான கற்பூர வாசனை என்றால் செல்லுலாய்டு. செல்லுலாய்டை இளக்கமாக்கச் சேர்த்ததே கற்பூரம்தான். அந்த வாசனை ஆரோக்கியத்தின் அடையாளம். கற்பூரம் போய் மூக்கைச் சுருக்கும் புளித்த அமில நெடி வந்தால் பிடி அழுகத் தொடங்கிவிட்டது. அதிலிருந்து வரும் நைட்ரஜன் ஆக்சைடுகள் காற்றின் ஈரத்தோடு சேர்ந்து அமிலமாகிக் கத்தியைத் தின்னும். மூடிய கத்தியில், பிடிக்குள் ஒளிந்திருக்கும் பகுதி மட்டும் துருப்பிடித்துப்போய் வெளியே தெரியும் முதுகு பளபளத்தால் காரணம் இதுவாகவே இருக்கும். அருகில் வைத்த மற்ற கத்திகளுக்கும் இந்த நோய் பரவும். ஆமையோட்டைப் போலவும் தேன்நிறத்திலும் செய்த, ஒளி ஊடுருவும் பிடிகள்தான் இதில் முதலில் விழுகின்றன. அழகாக இருப்பவையும் அவைதான், என்ன செய்ய.

உண்மையிலேயே அமெரிக்காவில் செய்ததா. 1890ஆம் ஆண்டின் மெக்கின்லி சுங்கச் சட்டம் இறக்குமதிப் பொருள்மீது அது செய்யப்பட்ட நாட்டின் பெயர் இருக்க வேண்டும் என்றது. 1891 முதல் நடைமுறைக்கு வந்தது. ஆகவே கழுத்தில் ‘ஜெர்மனி’ என்ற சொல் எங்கேயாவது பொடி எழுத்தில் இருந்தால், முன்பக்கம் எந்த அமெரிக்க வியாபாரியின் பெயர் இருந்தாலும் கத்தி ஜெர்மனிக் கத்திதான். சேகரிப்பாளர்கள் தலையில் வைத்துக் கொண்டாடும் டபுள் டக் முத்திரைக் கத்தி நியூயார்க் வியாபாரியின் பெயரில் விற்றது, ஆனால் செய்தது ஜெர்மனியின் ஜோலிங்கன் நகரில். கத்தி அருமையானது, அமெரிக்கக் கத்தி அல்ல. நாட்டின் பெயர் இல்லாததாலேயே அமெரிக்கா என்றும் சொல்லிவிட முடியாது, 1891க்கு முந்தைய, இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரத்துக் கத்தியாகவும் இருக்கலாம். செய்த கம்பெனியின் பெயரோடு அமெரிக்க ஊரும் மாநிலமும் சேர்ந்திருப்பதே நம்பகமான அடையாளம்: டோரி என்றால் வூஸ்டர், ஜென்கோ என்ற பெயரிலும் விற்ற, 1902இல் தொடங்கிய ஜெனீவா கட்லரி என்றால் நியூயார்க் மாநிலத்து ஜெனீவா, கிளாஸ் என்றால் ஒஹாயோவின் ஃப்ரீமாண்ட், யூனியன் கட்லரி என்றால் ஓலியன், கேஸ் அண்ட் சன்ஸ் என்றால் பென்சில்வேனியாவின் பிராட்ஃபோர்ட், கேட்டராகஸும் கின்ஃபோக்ஸும் என்றால் லிட்டில் வேலி, ஷுமேட் என்றால் செயின்ட் லூயிஸ்.

பெயருக்கான உபரி விலை. கேஸ், கா-பார், வின்செஸ்டர், கீன் கட்டர் ஆகிய பெயர்களைச் சவரக்கத்திக்காரர்கள் மட்டும் தேடுவதில்லை. மடக்குக்கத்தி சேகரிப்பவர்களும், வின்செஸ்டர் என்றால் துப்பாக்கி சேகரிப்பவர்களும் போட்டிக்கு வருகிறார்கள். அந்தப் போட்டியில் ஏறிய விலையை நீங்கள் கொடுக்கிறீர்கள். முகத்துக்கு அதனால் ஒரு லாபமும் இல்லை. கீன் கட்டர் செயின்ட் லூயிஸின் சிம்மன்ஸ் ஹார்டுவேர் என்ற மொத்த வியாபாரியின் முத்திரை. அந்தப் பெயரில் வந்த கத்திகளை வேறு பட்டறைகள் செய்து கொடுத்தன. சவரம்தான் நோக்கம் என்றால் டோரி, ஜெனீவா, கிளாஸ் மூன்றும் கொடுத்த காசுக்கு நியாயம் செய்பவை.

## தேர்வு ஒன்று: தீட்டித் தந்த கத்தி

துருவை எடுத்து, வாயைப் புதிதாக எழுப்பி, விற்பவரே சவரம் செய்து பார்த்துத் தருவது. எஃகின் அளவை அவர் அறிந்திருப்பார், விரிசல் இருந்தால் கல்லில் வைத்தபோதே தெரிந்திருக்கும். பெரிய அபாயங்கள் இரண்டையும் வேறொருவர் உங்களுக்காகத் தாண்டிவிட்டார். கூடுதல் விலை அதற்குத்தான்.

மறைசெலவு, வாயைத் தேய்த்து நேராக்கும் தோல்வாரில் தொடங்குகிறது. ஒவ்வொரு சவரத்துக்கும் முன்பு லினன் துணிப் பக்கத்தில் இருபது முப்பது, தோல் பக்கத்தில் ஐம்பது அறுபது இழுப்பு வேண்டும். முதுகு முன்னே, வாய் பின்னே என்று இழுத்து, முனைக்கு வந்ததும் முதுகின்மீது உருட்டித் திருப்ப வேண்டும். பழகாத கை வாயின்மீது திருப்பிவிடும்; வாரில் ஒரு வெட்டு, கத்திவாயில் ஒரு மடிப்பு, ஒரே நொடியில் இரண்டும். முதல் மாதத்தில் இது நடக்கும் என்று எதிர்பார்த்து, விலை குறைந்த வார் ஒன்றில் பழகுங்கள். ஒழுங்காகப் பயன்படுத்தினாலும் சில மாதத்துக்கு ஒருமுறை வாயைப் புதுப்பிக்க வேண்டும்: மிக நுண்ணிய 12000 நம்பர் கல், இல்லையென்றால் தீட்டுபவருக்கு அனுப்பும் செலவு.

இன்னொரு குறை மினுமினுப்பு. கண்ணாடிபோல் மெருகேற்றிய கத்தியில் கழுத்து முத்திரையின் எழுத்துகள் மழுங்கியிருந்தால் சக்கரத்தில் வைத்து அரைத்திருக்கிறார்கள். மெல்லிய வாய் சக்கரத்தில் நொடியில் சூடேறிவிடும். 200 டிகிரி செல்சியஸைத் தாண்டிக் கொஞ்சம் போனதுமே எஃகு வைக்கோல் நிறம் காட்டத் தொடங்கும், இன்னும் ஏறினால் நீலம். அந்த நிறத்தையும் மெருகு துடைத்துவிடும், சூட்டில் போன பதம் (எஃகின் கடினம்) மட்டும் திரும்பாது. தீட்டினால் கூர் வரும், இரண்டு சவரத்தில் போய்விடும். மங்கலான பட்டுபோன்ற மெருகும் கூர்மையான எழுத்துகளும் உள்ள கத்தியே மேல்.

கத்தி சவரத்துக்குத்தான், தீட்டும் வேலை இப்போதைக்கு வேண்டாம் என்பவருக்கு இதுவே.

## தேர்வு இரண்டு: பெட்டியோடு, பயன்படுத்தாதது

அலமாரிக்கும் ஆராய்ச்சிக்கும் இதற்கு இணை இல்லை. அரைத்த சக்கரத்தின் கோடுகள், முனையின் அசல் வடிவம், கழுத்து முத்திரை எல்லாம் பட்டறையிலிருந்து வந்தபடி. மற்ற கத்திகளை ஒப்பிட்டுப் பார்க்க ஒரு மூலப்படி கையில் இருப்பதுபோல.

ஆனால் இதை வாங்கிச் சவரம் செய்ய நினைப்பவர்கள் ஒன்றைக் கவனிப்பதில்லை. பட்டறை போட்டு அனுப்பிய வாய் பெரும்பாலும் சவரத்துக்குப் போதாது. வாங்கியவர் அல்லது நாவிதர் தீட்டிக்கொள்வதே வழக்கம். கல்லில் வைத்த அன்றே முதுகில் பளபளப்பான பட்டை விழுந்துவிடும். ‘தீட்டாதது’ என்பதற்காகக் கொடுத்த பணம் அந்தப் பத்து நிமிடத்தில் கல்லில் கரைகிறது. பொன்னெழுத்தோ அதைவிட மென்மை: மெருகுப் பசையால் ஒரு துடைப்பு, அவ்வளவுதான். வெதுவெதுப்பான நீரில் நனைத்த துணி, உடனே உலர்ந்த துணி, பிறகு கனிம எண்ணெய் ஒரு சொட்டு; இதைத் தாண்டி எதுவும் வேண்டாம்.

பெட்டியும் ஏமாற்றும். பெட்டியின் ஓரச்சீட்டில் உள்ள எண்ணும் கத்தியில் உள்ள எண்ணும் ஒத்துப்போகிறதா பாருங்கள். வேறொன்றின் பெட்டியில் செருகி விற்பது சாதாரணமாக நடக்கிறது. பிடியும் அப்படித்தான்: ஆணித்தலை மட்டும் புதிதாக மின்னினால், அல்லது மூடும்போது கத்தி நடுவில் இறங்காமல் ஒரு பக்கம் உரசினால், பிடி மாற்றப்பட்டதா என்று சந்தேகப்படுங்கள். அதோடு, செல்லுலாய்டுப் பிடி மூடிய பெட்டிக்குள் பல பத்தாண்டு கிடந்தால் வாயு வெளியேற வழியில்லை. பெட்டி எவ்வளவு புதிதாக இருக்கிறதோ அவ்வளவு கவனமாகத் திறந்து முகருங்கள்.

## தேர்வு மூன்று: துருவேறிய கட்டு

விலை குறைவு என்பது வாங்கும் நிமிடத்துக்கு மட்டும்தான் உண்மை. கட்டை எடுப்பவர் கூடவே 1000, 4000, 8000, 12000 நம்பர் கற்கள், அவற்றைச் சமனாக்கும் தட்டு, ஈரத்தாங்கு உப்புத்தாள் 400 முதல் 2000 வரை, லென்ஸ், வார் எல்லாம் வாங்கியாக வேண்டும். கல்லின் விலையை ஒரு கட்டின் தலையில் ஏற்றினால் நட்டம், ஐந்தாறு கட்டில் பிரித்தால் லாபம். ஆறில் இரண்டு தேறினாலே நல்ல கட்டு என்று எடுத்துக்கொள்ளுங்கள். மீதியில் நல்ல பிடி இருந்தால் பிடிக்காகவும், இல்லாவிட்டால் கை பழகவும் ஆகும்.

வேலையின் வரிசை இது. முதலில் 70 சதவீத ஐசோபுரோபைல் ஆல்கஹாலால் துடைத்துக் கிருமி நீக்குங்கள். கொதிநீர் வேண்டாம், செல்லுலாய்டு வளைந்துவிடும். பிறகு விரிசல் தேடுங்கள். இருந்தால் அந்தக் கத்தியோடு அங்கேயே நிறுத்திக்கொள்ளலாம். அடுத்து, கத்தியைச் சமமான மரக்கட்டையின் மீது படுக்கவைத்து, கனிம எண்ணெயும் நாலு சுழியன் (0000) ஸ்டீல் பஞ்சும் கொண்டு முதுகிலிருந்து வாயை நோக்கித் தேயுங்கள். கத்தியை அந்தரத்தில் பிடித்து அழுத்தினால் முழுக்குழிவுக் கத்தி வளைந்து ‘சடக்’கென்று போய்விடும், விரலும் அங்கேதான் இருக்கும். சிவந்த துரு போனால் போதும். கருமை அடியில் தங்கியிருந்தால் இருக்கட்டும்.

பிடியைக் கழற்றுவதைக் கடைசி வழியாக வையுங்கள். ஆணி பெரும்பாலும் பித்தளை, சுமார் 1.6 மி.மீ. தடிமன். தலையை அரத்தால் தேய்த்து, அதே அளவுப் பொத்தூசியால் மெல்லத் தள்ள வேண்டும். திரும்ப அடிக்கும்போது சிறு சுத்தியலால் நூறு மென்தட்டுகள் தட்டுவது சரி, பத்துப் பலத்த அடி தப்பு. காய்ந்த கொம்புப் பிடி ஆணித்துளையிலிருந்து இரண்டாகப் பிளப்பது அந்தப் பதினோராவது அடியில்தான்.

வாயை எழுப்ப, வாயோரச் சாய்வில் மார்க்கர் மையைப் பூசி 1000 நம்பர் கல்லில் இரண்டு இழுப்பு இழுத்துப் பாருங்கள். மை எங்கே மிச்சமோ அங்கே கல் தொடவில்லை. நுனியிலிருந்து அடிவரை, இரண்டு பக்கமும், மை ஒரே சீராகப் போகும்வரை அடுத்த கல்லுக்குப் போகாதீர்கள். ‘12000இல் தீட்டியும் இழுக்கிறது’ என்று புலம்புகிறவர்களில் பெரும்பாலோர் 1000இல் அவசரப்பட்டவர்கள்.

இன்னொரு எச்சரிக்கை. கட்டுகளுக்குள் ரயில் எஞ்சின், கௌபாய், பழைய கம்பெனி விளம்பரம் என்று படம் செதுக்கிய எலும்புநிறப் பிளாஸ்டிக் பிடிக் கத்திகள் கலந்து வரும். அவை பழமைத் தோற்றத்துக்காகப் பிற்காலத்தில் செய்த அலங்காரப் பொருள். தீட்டினாலும் முகத்தில் வைக்க லாயக்கில்லை.

## ஒரே பார்வையில்

| | தீட்டித் தந்தது | பெட்டியோடு | துருக்கட்டு |
|---|---|---|---|
| முதல் சவரம் | வந்த அன்றே | தீட்டிய பிறகு. மதிப்புக் குறையும் | பல வார உழைப்புக்குப் பின் |
| மறைசெலவு | வார், அவ்வப்போது தீட்டுக்கூலி | ஈரமில்லா இடம், தொடர் கண்காணிப்பு | கற்கள், நேரம், தேறாத கத்திகள் |
| பெரிய அபாயம் | சக்கரத்தில் போன பதம் | பொருந்தாப் பெட்டி, அழுகும் பிடி | விரிசல், வாயோரக் குழி |
| யாருக்கு | சவரம் செய்பவர் | சேகரிப்பவர் | கைவேலையில் ருசி உள்ளவர் |

முதல் கத்தி வாங்குகிறவருக்கு எங்கள் கட்சி முதல் தேர்வுதான்: 5/8 அல்லது 6/8 அகலம், வட்ட முனை, கொம்பு அல்லது ரப்பர் பிடி, டோரியோ ஜெனீவாவோ. சதுர முனை படத்தில் கம்பீரமாக இருக்கும், காதோரத்தில் ரத்தம் பார்க்கும். நல்ல வாய் எப்படி இருக்கும் என்று ஒரு மாதம் முகத்தில் உணர்ந்த பிறகு கட்டு வாங்கினால், நீங்கள் தீட்டியது சரியா தப்பா என்று ஒப்பிட ஒன்று கையில் இருக்கும். அது இல்லாமல் கட்டில் தொடங்குவது, தாளம் கேட்காமலே மிருதங்கம் கட்டுவதுபோல. இரண்டாம் தேர்வு மூன்றாம் வருடத்துக்குக் காத்திருக்கலாம்.

## இந்தியாவுக்கு வரவழைத்தால்

சுங்கவரி பொருளின் விலைக்கு மட்டும் அல்ல. அனுப்புக் கட்டணமும் காப்பீடும் சேர்ந்த மதிப்பில் கணக்கிடப்படுகிறது. கூரியர்காரர் தன் கையாள் கட்டணத்தையும் சேர்ப்பார். விலை குறைந்த கத்திக்கு இந்தச் சுமை விகிதத்தில் அதிகம்; திருப்பி அனுப்புவது நடைமுறையில் கட்டுப்படியாகாது. ஒன்றொன்றாக வரவழைப்பதைவிட இரண்டு மூன்றைச் சேர்த்து அனுப்பச் சொல்வது லாபம்.

தந்தப் பிடியை எந்த விலையிலும் தொடாதீர்கள். இந்தியாவுக்குள் தந்தம் இறக்குமதிக்குத் தடை. வெள்ளைப் பிடியில் பெரும்பாலானவை தந்தக்கோடு போட்ட செல்லுலாய்டுதான். அதில் கோடுகள் இணையாக, சீராக ஓடும். யானைத்தந்தத்தின் குறுக்குவெட்டில் கோடுகள் ஒன்றையொன்று வெட்டி வலைபோல் தெரியும். சந்தேகமாக இருந்தால் விட்டுவிடுவதே உத்தமம்.

சென்னை, தூத்துக்குடி போன்ற கடற்கரை ஊர்களில் கத்தியைத் தோலுறையிலும் குளியலறையிலும் வைக்காதீர்கள். தோல் ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். சவரம் முடிந்ததும் துடைத்து, ஒரு மணி நேரம் திறந்தபடி உலரவிட்டு, எண்ணெய் தடவி மூடுங்கள். தேங்காயெண்ணெய் நாளடைவில் கெட்டுப் பிசுபிசுக்கும். கனிம எண்ணெய்தான் சரி. சிலிக்கா ஜெல் பையை மாதம் ஒருமுறை காயவைத்துத் திரும்பப் போடுங்கள். செல்லுலாய்டுப் பிடிக் கத்திகளுக்குக் காற்றோட்டமான தனி இடம். கொம்புப் பிடிக் கத்திகளோடு ஒரே பெட்டியில் வேண்டாம், தீக்கு அருகே வேண்டவே வேண்டாம்.

## பணம் அனுப்புமுன்

விற்பவரிடம் இரண்டு எண்களும் ஐந்து படங்களும் கேளுங்கள். எண்கள்: நடுவில் எடுத்த அகலம், அதே இடத்தில் முதுகின் கனம். படங்கள்: வாயைக் கேமராவுக்கு நேரே காட்டி நீளவாக்கில் ஒன்று, முதுகின் தேய்ந்த பட்டை இருபக்கமும் ஒரே அகலமா என்று தெரியும்படி ஒன்று, கழுத்தின் இருபுறமும் ஒவ்வொன்று, கத்தியை முழுக்கத் திறந்து, பிடியின் உட்புறம் தெரியும்படி ஒன்று. வாய் நல்ல நிலையில் இருந்தால் முதல் படத்தில் கோடே தெரியாது. வெளிச்சத்தில் எங்கேயாவது வெள்ளையாக மின்னினால் அங்கே வாய் மழுங்கியோ உடைந்தோ இருக்கிறது. காலிப்பர் இல்லை, படம் எடுக்க நேரமில்லை என்று பதில் வந்தால், விலையைக் கட்டுக் கத்தியின் விலையாக எண்ணிப் பேசுங்கள். ஒத்துவரவில்லையென்றால் அடுத்த விற்பனைக்குப் போய்விடுங்கள்.